ஒரு ஜோடி ஷூ

(கல்வி உதவி வழங்கும் நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)





பள்ளிக்கூடம் திறக்கும் இந்த நாட்களில் நம் வீடுகளில் ஷூவுக்காக நடக்கும் வழக்குகளை நாம் அறிவோம். "போன வருஷத்து ஷூவைப் போட மாட்டேன்" என்று பிள்ளை அடம் பிடிக்கும். நாம் உடனே, "எங்க காலத்துல செருப்பே கிடையாது தெரியுமா?" என்று ஆரம்பிப்போம். இந்தப் பேச்சு எந்தப் பிள்ளையின் காதிலும் ஏறியதாகத் தெரியவில்லை.

அதற்குப் பதிலாக அவர்களுக்கு அலியை அறிமுகப்படுத்தலாம். அலி ஒரு கற்பனைச் சிறுவன். 1997இல் மஜீத் மஜீதி இயக்கிய 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' என்ற ஈரானியப் படத்தில் வருகிறான். தமிழிலும் 2022இல் 'அக்கா குருவி' என்ற பெயரில் இக்கதை படமாயிற்று.

தங்கை ஸஹ்ராவின் ஷூவைத் தைத்து வாங்கிக்கொண்டு வரும் வழியில், காய்கறிக் கடையில் அலி தொலைத்துவிடுகிறான். வீட்டில் தாய்க்கு உடல்நலமில்லை. வாடகை பாக்கி. அத்தாவிடம் சொன்னால் அடி விழும் என்ற பயம் மட்டுமல்ல, புது ஷூ வாங்க அவரிடம் பணம் இல்லை என்பதும் அவனுக்குத் தெரியும். பெற்றோர் பக்கத்திலேயே இருக்க, அண்ணனும் தங்கையும் நோட்டில் எழுதி எழுதிப் பேசி ஓர் ஏற்பாடு செய்கிறார்கள். அலியின் ஷூவைக் காலையில் ஸஹ்ரா போட்டுப் போவாள். மதியம் அவள் ஓடிவந்து சந்தில் கழற்றிக் கொடுத்ததும் அவன் மாட்டிக்கொண்டு ஓடுவான். ஒருநாள் அந்த ஷூ சாக்கடை நீரில் விழுந்து மிதந்து போகிறது. பார்க்கும் பிள்ளைகள் இருக்கை நுனிக்கு வந்துவிடுவார்கள்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. அந்த நேரத்தில் எந்தப் பிள்ளையும் "ஐயோ பாவம், ஏழைப் பையன்" என்று நினைப்பதில்லை. அதுவே அலியாகி ஓடுகிறது. ஏழையைக் காட்டி "உனக்கு எவ்வளவு இருக்கிறது பார்" என்று சொல்லும்போது வருவது பெரும்பாலும் பெருமைதான். அதை ஷுக்ர் என்று நாம் தவறாக எண்ணிக்கொள்கிறோம். அலியாக ஓடி வந்த பிள்ளைக்கு, வாசலில் கிடக்கும் தன் பழைய ஷூ வேறு மாதிரி தெரியும்.

பெரியவர்களுக்கும் ஒரு காட்சி உண்டு. அலியின் தந்தை பள்ளிவாசலுக்கான சர்க்கரைக் கட்டியை உடைத்துக்கொண்டிருக்கிறார். முன்னால் சர்க்கரை குவிந்து கிடக்கிறது. மகள் கொண்டுவந்த தேநீருக்குத் தன் வீட்டுச் சர்க்கரையைத்தான் கேட்கிறார். குவிந்து கிடப்பது அமானத். பொதுப்பணத்தைக் கையாளும் எங்களைப் போன்றவர்கள் வருடம் ஒருமுறையாவது இதைப் பார்க்க வேண்டும்!

எங்களை அதிகம் உலுக்கியது வேறொன்று. தொலைந்த ஷூ தன் பள்ளியிலேயே வேறொரு சிறுமியின் காலில் இருப்பதை ஸஹ்ரா கண்டுபிடிக்கிறாள். கேட்டு வாங்கிவிட அண்ணனும் தங்கையும் அவள் வீடு வரை போகிறார்கள். வாசலில் அவளுடைய தந்தை நிற்கிறார். அவருக்குக் கண் தெரியாது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பிவிடுகிறார்கள். தனக்கென்று ஒரு ஜோடி ஷூகூட இல்லாத சிறுமிக்கு, தன்னிடம் இருப்பது என்ன என்று அந்த வாசலில் தெரிந்துவிட்டது.

பெற்றோர்களே, படத்தைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். நடுவில் நிறுத்தி உபதேசம் செய்யாதீர்கள்.

இந்த மண்டபத்திலும் அலிகள் இருக்கிறார்கள். எங்களுக்கு அவர்களைத் தெரியும். ஆகவே இவ்வருடம் ஷூ பெறும் பிள்ளைகளை மேடைக்கு அழைக்கவில்லை, புகைப்படமும் எடுக்கவில்லை. கடையில் அளவு பார்த்து, பிடித்த நிறத்தில் எடுத்துக்கொள்வதற்கான சீட்டு அவரவர் வீட்டுக்கே வரும், இன்ஷா அல்லாஹ்.