பெயர்த்து நட்ட வீடுகள்

 

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், கோவளத்துக்குச் சற்று வடக்கே, செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த முட்டுக்காடு உள்ளது. அவ்வூர்ப் படகுத்துறையை அறியாதார் இரார். அதன் அருகிலுள்ள தட்சிணசித்ராவைக் கண்டு களித்தோரும் இந்த அவையில் பலர் இருப்பர். ஆயினும், அத்தகைய ஓரிடத்தை நடத்துவது வாழ்நாள் முழுவதும் கொள்ளத்தக்க ஒரு பணி என்று எண்ணிப் பார்த்தோர் மிகச் சிலரே.

அப்பணியை மேற்கொண்டவர் டெபோரா தியாகராஜன் அம்மையார். அமெரிக்காவில் பிறந்து, தமிழரை மணந்து, சென்னைக்கு வந்தவர். செட்டிநாட்டு மாளிகைகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு, பர்மாத் தேக்குத் தூண்களும் நிலைக்கதவுகளும் மர வணிகர் கைக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பலர். குடியிருப்பார் ஒருவரும் இலர். விற்றுப் பங்கிடுவதே எளிதாயிற்று. 1984ஆம் ஆண்டில் சென்னைக் கைவினை அறக்கட்டளை தோற்றுவிக்கப்பட்டது. தட்சிணசித்ராவின் கதவு திறந்ததோ 1996 டிசம்பரில்! இடையே கழிந்தவை 12 ஆண்டுகள். தமிழ்நாடு அரசு குத்தகைக்கு அளித்த ஏறத்தாழ 10 ஏக்கர் மணல் நிலத்தில், லாரி பேக்கர் அமைப்பை வகுத்தார்; பென்னி குரியகோஸ் கட்டுமானத்தைத் தொடர்ந்தார். தமிழகம், கேரளம், கருநாடகம், ஆந்திரம் ஆகிய பகுதிகளின் பழைய வீடுகளை அளந்து, வரைந்து, பகுதி பகுதியாகப் பிரித்துக் கொணர்ந்து, மரபுவழித் தச்சரையும் கொத்தரையும் கொண்டு மீண்டும் எழுப்பினர். வணிகர் மாளிகைக்கு அருகிலேயே நெசவாளர் வீட்டுக்கும் குயவர் வீட்டுக்கும் இடம் தந்ததுதான் இதில் மிகவும் போற்றத்தக்கது.

கலை நிறுவன மேலாண்மை என்பது விழா மேடையில் விளக்கேற்றுவது அன்று. கட்டடத்துக்கு நன்கொடை அளிப்பார் உளர். கல்வெட்டில் பெயர் நிலைக்கும். கறையான் மருந்துக்கும், உப்புக்காற்றில் அரித்த கீலுக்கும், இரவுக் காவலர் ஊதியத்துக்கும் மனமுவந்து கொடுப்பார் யார்? நம் அறக்கட்டளைப் பொருளாளர்களைக் கேட்டால் தெரியும்! நுழைவுக் கட்டணம், விற்பனை அங்காடி, பயிற்சி வகுப்பு, அரசு மானியம், நிறுவனங்களின் கொடை எனப் பல ஓடைகளைக் கூட்டித்தான் இத்தகைய குளங்கள் நிரம்புகின்றன. வருமான வரிச் சட்டத்தின் நன்கொடைக் கழிவுப் பிரிவும், வெளிநாட்டு நன்கொடைச் சட்டமும், ஆண்டுத் தணிக்கையும் அறியாதவர் இங்கே ஓராண்டும் நிலைக்க இயலாது. அதே வேளையில், பானை வனையும் முதியவரிடம் அமர்ந்து அவர் மொழியில் பேசவும் தெரிய வேண்டும்.

இதே கடற்கரையில் வேறொரு வழியும் கண்டார்கள். ஈஞ்சம்பாக்கத்தில் 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் உருவான சோழமண்டலம் கலைஞர் கிராமம், கொடையாளர் கைகளை எதிர்நோக்கவில்லை. கலைஞர்களே பத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றுத் தம் நிலத்தை உரிமையாக்கிக் கொண்டனர். ஓவியம் விற்கும்வரை வயிறு காத்திராது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

இத்துறைக்குச் செல்ல விரும்பும் பிள்ளையிடம் பெற்றோர் கேட்கும் முதற்கேள்வி ஊதியம் பற்றியதே. அது தவறன்று. ஊதியம் கணினித் துறைக்கு ஈடாகாது. மறைத்துச் சொல்லிப் பயனில்லை. கணக்கும் சட்டமும் கற்று, ஏட்டுச்சுவடியும் படிக்கத் தெரிந்த ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ நம் குடும்பங்களிலிருந்து செல்வாராயின், அவருக்கு வேலை இல்லாமற்போகாது என்பதையும் உடன் சொல்ல வேண்டும்.

வந்தவாசி, திண்டிவனம் பக்கத்துச் சிற்றூர்களில் நம்மவர் வீடுகள் பல பூட்டிக் கிடக்கின்றன. திண்ணை சரிந்துவிட்டது, பங்காளிகள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கின்றனர். அவற்றை எல்லாம் பெயர்த்து நட எவராலும் இயலாது. விற்பதற்கு முன் ஒருநாள் சென்று, கூடத்தை அளந்து, தூணையும் மாடத்தையும் படம் எடுத்து வைக்க ஓர் அளவுநாடாவும் கைப்பேசியும் போதும். அதுவும் செய்யாமல் விற்ற வீடுகளின் நிலைக்கதவுகள் இப்போது எந்த ஊர் விடுதி வாயிலில் நிற்கின்றனவோ, விற்றவர்களுக்கே தெரியாது.