சேப்பங்கிழங்கு அண்ணன்



ஹவாய்க்காரர்கள் குடும்பத்தை ‘ஒஹானா’ என்பார்கள். சொல் பிறந்த இடம் சேப்பங்கிழங்கு வயல். தாய்க்கிழங்கை ஒட்டி முளைக்கும் பக்கக்கன்று ‘ஒஹா’, அதிலிருந்து ஒஹானா. வாழைக்கன்று பிரித்து நட்ட கைகளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். தாய்க்கிழங்குக்கு ‘மக்குவா’ என்று பெயர், பெற்றோருக்கும் அதே சொல்தான். ‘குப்பு’ என்றால் துளிர்ப்பது. தாத்தா பாட்டி ‘குப்புனா’. (நம்மூர்க் குப்புசாமிகளுக்கு இதில் பங்கில்லை.)

கதையும் உண்டு. ஆகாயத் தந்தை வாக்கேயாவுக்கு முதல் பிள்ளை இறந்தே பிறந்தது. புதைத்த இடத்தில் சேம்பு முளைத்தது. அடுத்துப் பிறந்த ஹாலோவாதான் மனித குலத்தின் மூதாதை. ஆக, சேப்பங்கிழங்கு மனிதனுக்கு அண்ணன் முறை! அந்த அண்ணனை அவித்து, இடித்து, தண்ணீர் விட்டுப் பிசைந்த களிக்குப் பெயர் ‘பொய்’. சிரிக்கலாம், தப்பில்லை. பொய்க் கிண்ணம் திறந்திருக்கும்போது பந்தியில் சண்டை போடக் கூடாது என்பது வழக்கம். அண்ணன் காதில் விழுமே!

மண்ணுக்குப் பெயர் ‘ஐனா’, சோறு போடுவது என்று பொருள். தண்ணீர் ‘வை’, ‘வைவை’ என்று இரட்டித்தால் செல்வம்.

இன்னொரு சங்கதி பெற்றோருக்கு. “அம்மா, நாங்க கோயிலுக்குப் போலாமா?” என்கிறது பிள்ளை. “போயிட்டு வாங்க, நான் வீட்ல இருக்கேன்” என்று அம்மா சொன்னால் விழிக்கிறது. ஆங்கிலத்தில் ‘நாம்’, ‘நாங்கள்’ இரண்டுக்கும் ஒரே சொல்; பாவம், அது என்ன செய்யும்? ஹவாய் மொழியில் நாம் ‘காக்கோ’, நாங்கள் ‘மாக்கோ’. போதாததற்கு, நீயும் நானும் மட்டும் என்றால் ‘காவா’. பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டுப் படத்துக்குப் போகும் தம்பதிக்கு ஏற்ற சொல், தமிழில் இல்லை.

இத்தனை நுணுக்கமான மொழியை 1896 சட்டம் வகுப்பறையிலிருந்து துரத்தியது. ஆங்கிலம்தான் பயிற்றுமொழி என்றார்கள். பள்ளியில் தாய்மொழி பேசிய பிள்ளைக்குத் தண்டனை. அடி வாங்கியவர்கள் தங்கள் பிள்ளைகளிடம் அதைப் பேசாமல் விட்டார்கள். 1978 இல் மாநில அரசியல் சட்டம் அதை ஆட்சிமொழி என்று அறிவித்தபோது, வீட்டில் அதைப் பேசும் குழந்தைகளே அரிதாகியிருந்தார்கள்.

1984 இல் கௌவாய் தீவின் கெகஹா ஊரில் ‘பூனானா லேயோ’ என்ற மழலையர் பள்ளி திறந்தது. பெயருக்கு ‘குரல்களின் கூடு’ என்று பொருள். மொழியோடு வளர்ந்த முதியவர்கள் கதை சொன்னார்கள். பெற்றோரும் மொழி வகுப்பில் உட்கார வேண்டும், பள்ளி வேலையில் கைகொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. தடை நீங்கியது 1986 இல்தான்; பள்ளி அதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளின் சீடர் சிவாய சுப்பிரமுனிய சுவாமிகள் 1970 இல் ஆதீனம் கண்டதும் இதே தீவில்தான். அங்கே யாத்திரை போகிறவர்கள் கெகஹாவையும் எட்டிப் பார்க்கலாம்.

சங்கச் செயலாளர் மணியைக் காட்டுகிறார். சாப்பாட்டில் சேப்பங்கிழங்கு ரோஸ்ட் இருக்கிறதாம். பிள்ளைகள் ஆங்கிலத்தில் ‘டாரோ’ என்று கேட்டால், கரண்டியோடு நிற்கும் அம்மாக்கள் காதில் விழாத மாதிரி நில்லுங்கள்.