தாய்ப்பலகையைத் தேர்ந்தெடுத்தல்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியமும் இசையும் பேசப்படுவதே நம் சங்கத்தின் வழக்கம். அவ்வழக்கத்தினின்று சற்றே விலகி, கணிப்பொறியின் மதர்போர்டைப் பற்றிப் பேசுமாறு செயற்குழுவினர் என்னைப் பணித்திருக்கின்றனர். அதற்குத் தக்க காரணம் உண்டு. இக்குடியிருப்பில் கணிப்பொறி இல்லாத வீடு அரிது. பிள்ளைகளின் பாடமும், வீட்டின் வரவுசெலவும், ஊரிலிருக்கும் பாட்டியின் முகம் பார்த்துப் பேசும் பேச்சும் அதன் வாயிலாகவே நடைபெறுகின்றன. ஆயினும், அதனை வாங்கும்போது மட்டும் கடைக்காரர் கூறுவதையே வேதவாக்காகக் கொள்கிறோம். ஒரு புடவை எடுப்பதற்கு நான்கு கடைகள் ஏறி இறங்கும் நாம், ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கும் பொருளைப் பத்து நிமிடத்தில் வாங்கி வருகிறோம். இந்நிலை மாறவேண்டும் என்பதே இன்று நான் சொல்ல வந்த செய்தி.

மதர்போர்டைத் தமிழில் தாய்ப்பலகை என்று அழைக்கலாம். ஏனைய சிறு பலகைகளெல்லாம் தன்மீது வந்து செருகப்படுதலின் இதற்கு அப்பெயர் அமைந்தது. அச்சிறு பலகைகளை மகள்பலகைகள் என்று அழைக்கும் வழக்கமும் உண்டு. கணக்கிடும் பிராசசர், நினைவில் வைக்கும் ராம், சேமித்து வைக்கும் எஸ்எஸ்டி, படம் காட்டும் கிராபிக்ஸ் கார்டு ஆகிய யாவும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது இப்பலகையின் வழியாகவே. 1981-ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணிப்பொறியில், பின்னர் வேண்டியவற்றைச் செருகிக்கொள்வதற்கென்றே ஐந்து இடங்கள் தாய்ப்பலகையில் விடப்பட்டிருந்தன. வாங்கிய பொருளைப் பின்னர் வளர்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் அன்று முதல் பரவலாயிற்று. ஆதலின், தாய்ப்பலகையை மதிப்பிடும்போது, 'இன்று இது எவ்வளவு விரைவாக ஓடும்?' என்று கேட்பதைக் காட்டிலும், 'நாளை இது எதற்கெல்லாம் இடந்தரும்?' என்று கேட்பதே பொருத்தமாகும்.

இக்கேள்வியைக் கேளாமையால் நேர்ந்த துன்பம் ஒன்றைக் கூறுகிறேன். நம் குடியிருப்பில் ஒரு குடும்பத்தார், பொறியியல் படிக்கப்போகும் தம் மகனுக்காக ஒரு கணிப்பொறி வாங்கினர். 'ஐ7 பிராசசர், 16 ஜிபி நினைவகம், புத்தம் புதிய மதர்போர்டு, விலையோ பாதி' என்று கடையில் கூறினார்கள். பலகை புதியதுதான், அட்டைப்பெட்டி பிரிக்கப்படாமலே இருந்தது. ஆனால் அதில் அமைந்த சிப்செட், 2011-ஆம் ஆண்டில் வெளிவந்த எச்61. அதில் பொருத்தப்பட்ட ஐ7, அதே ஆண்டில் வந்த இரண்டாம் தலைமுறைப் பிராசசர். ஏதோ ஓர் அலுவலகத்துப் பழைய இயந்திரத்தினின்று கழற்றப்பட்டது. அப்பலகையில் 16 ஜிபிக்கு மேல் நினைவகம் ஏறாது. அந்நினைவகமும் டிடிஆர்3 என்னும் பழைய வகை. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் அளித்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. விண்டோஸ் 11-ஓ அப்பிராசசரை முறைப்படி ஏற்பதில்லை. எதை மாற்ற முற்பட்டாலும் எல்லாவற்றையும் மாற்றவேண்டிய நிலை. பொய் என்று சொல்லத்தக்க சொல் ஒன்றும் அக்கடையில் சொல்லப்படவில்லை என்பதை நீங்கள் நினைத்துப் பார்க்கவேண்டும். கேட்கவேண்டியதைக் கேட்பார் இல்லை, அவ்வளவே.

ஆகவே, கேட்கவேண்டியவற்றை வரிசையாகக் கூறுகிறேன்.

முதலாவது, பயன். எழுதுதல், கணக்கு, பாடம், படம் பார்த்தல் ஆகியவை மட்டுமே வேண்டுமாயின் எளிய பிராசசரும் எளிய பலகையும் போதும். கட்டட வரைபடம், திரைப்படத் தொகுப்பு, பெரிய விளையாட்டுகள் என்றால் கணக்கு வேறு. பயனை முடிவுசெய்து, அதற்கேற்ற பிராசசரை முதலில் எண்ணிக்கொண்டு, பின்னரே பலகையைத் தேடுதல் வேண்டும்.

பிராசசரின் தலைமுறையை அதன் எண்ணே காட்டிவிடும். இன்டெல் வகையில் ஐ7-2600 என்பது இரண்டாம் தலைமுறை. ஐ5-12400 என்பது பன்னிரண்டாம் தலைமுறை. ஐ7 என்ற பெயர் பெரிதாயினும் இவ்விரண்டில் பின்னதே வலியது. பெயரைக் கேட்டு மயங்காமல் முழு எண்ணையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

இரண்டாவது, சாக்கெட். பிராசசர் அமரும் பீடம் இது. ஒரு பீடத்திற்குரிய பிராசசர் மற்றொன்றில் அமராது. இன்டெலின் எல்ஜிஏ1700 பீடம் 2021-இல் வந்தது. பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்காம் தலைமுறைகள் அதில் அமரும். 2024-இல் வந்த எல்ஜிஏ1851 வேறு. ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 பீடம் நெடுநாள் வாழ்ந்தது. 2017-இல் பலகை வாங்கியவர்களுள் பலர், 2022-இல் வெளிவந்த பிராசசரையும் அதே பலகையில் பொருத்திப் பயன்பெற்றனர். அதன் பின்வந்த ஏஎம்5 பீடம் 2022-இல் தோன்றியது. 2027-ஆம் ஆண்டு வரையிலேனும் அதற்கு ஆதரவு உண்டு என்று அந்நிறுவனம் 2024-இல் அறிவித்தது. சில ஆண்டுகள் கழித்துப் பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ள விரும்புவோர் பீடத்தின் ஆயுளை எண்ணியே வாங்கவேண்டும்.

மூன்றாவது, நினைவகம். டிடிஆர்4, டிடிஆர்5 என்ற இரண்டு வகைகளும் நீளத்தில் ஒத்திருக்கும். ஆயினும் வெட்டுக்குறி வெவ்வேறிடத்தில் அமைந்திருத்தலால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று புகாது. ஏஎம்5 பலகைகள் டிடிஆர்5 மட்டுமே ஏற்பன. எல்ஜிஏ1700 பலகைகளிலோ இரண்டு வகையும் கிடைக்கும். பெட்டியின்மேல் எது என்று படித்துப் பார்க்கவேண்டும். 2025-ஆம் ஆண்டின் இறுதியில் நினைவகத்தின் விலை வெகுவாக ஏறியதை அறிவீர்கள். வீட்டில் நல்ல டிடிஆர்4 நினைவகம் முன்னரே இருப்பின், அதனை ஏற்கும் பலகையை நாடுதல் சிக்கனம். நினைவகத்திற்கு இரண்டு இடங்கள் மட்டுமே உள்ள பலகை மலிவு. நான்கு இடங்கள் உள்ளது பின்னர்ப் பெருக்கிக்கொள்ள உதவும்.

நான்காவது, அளவு. ஏடிஎக்ஸ் என்னும் அளவு 1995-இல் இன்டெல் வகுத்தது. 305 மில்லிமீட்டர் நீளமும் 244 மில்லிமீட்டர் அகலமும் உடையது. மைக்ரோ ஏடிஎக்ஸ் 244-க்கு 244. மினி ஐடிஎக்ஸ் 170-க்கு 170. இல்லத்திற்கு மைக்ரோ ஏடிஎக்ஸ் பெரும்பாலும் போதுமானது, விலையும் குறைவு. கேபினெட் அவ்வளவை ஏற்குமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, சிப்செட்டும் மின்சாரம் வழங்கும் பகுதியும். இன்டெல் எல்ஜிஏ1700 வகையில் எச்610 எளியது, பி760 நடுத்தரம், இசட்790 உயர்ந்தது. ஏஎம்5 வகையில் ஏ620, பி650, எக்ஸ்670 என்பன அவ்வாறே. பிராசசரின் வேகத்தை வரம்புக்கு மேல் ஏற்றும் விருப்பம் இல்லாதவர் இசட்790 வகைக்குப் பணம் கொடுக்க வேண்டுவதில்லை. ஆனால், வலிய பிராசசரை வாங்கி மிக எளிய பலகையில் அமர்த்துதலும் தகாது. பிராசசருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதி பலகையிலேயே இருக்கிறது. அதன்மேல் வெப்பம் தணிக்கும் உலோகத் தகடு இல்லாத பலகை, தில்லியின் மே மாத வெயிலில் சூடேறி வேகம் குன்றும். வண்ண விளக்குகளுக்குக் கொடுக்கும் காசை இத்தகட்டிற்குக் கொடுங்கள்.

இவற்றோடு, எஸ்எஸ்டி செருகும் எம்.2 இடங்கள் எத்தனை, யுஎஸ்பி வாய்கள் எத்தனை, வைஃபை பலகையிலேயே உண்டா என்பவற்றையும் கேட்டறிக. பிராசசரில் படம் காட்டும் திறன் உள்ளதா என்பதும் முக்கியம். இன்டெல் எண்ணின் ஈற்றில் எஃப் என்ற எழுத்து இருப்பின் அத்திறன் இல்லை. தனியாகக் கிராபிக்ஸ் கார்டு வாங்கியே ஆகவேண்டும்.

நேரு பிளேஸ் கடைத்தெருவிற்குச் செல்வோர்க்கு ஒரு சொல். பலகையின் பெயர், பிராசசரின் முழு எண், நினைவகத்தின் வகை ஆகிய மூன்றையும் சீட்டில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். ஜிஎஸ்டி எண்ணுள்ள பில் இல்லாமல் வாங்காதீர்கள். பலகையின் தொடர் எண் பில்லில் இருக்கட்டும். பெயர்பெற்ற நிறுவனங்களின் பலகைகளுக்குப் பெரும்பாலும் மூன்றாண்டு உத்தரவாதம் உண்டு. கடைக்காரரின் வாய்மொழி அதற்கு ஈடாகாது.

இனி, பொருத்தும் முறை. இது சமையலைக் காட்டிலும் கடினமானதன்று. ஆனால் சமையலைப் போலவே முன்பின் வரிசை உண்டு.

தில்லியின் குளிர்காலக் காற்று வறண்டது; கம்பளிச் சட்டையில் உராய்ந்தெழும் நிலைமின்சாரம் நுண்ணிய உறுப்புகளைக் கெடுக்கவல்லது. கம்பளியைக் கழற்றிவிட்டு, நிலத்தொடர்புள்ள உலோகம் ஒன்றைத் தொட்ட பின்னரே பலகையை விளிம்பால் பிடித்து எடுங்கள். அதன் அட்டைப்பெட்டியின் மேலேயே கிடத்தி வேலையைத் தொடங்கலாம்.

பிராசசரின் மூலையிலுள்ள முக்கோணக் குறியும் பீடத்தின் குறியும் ஒத்திருக்குமாறு, தானாகவே இறங்கும்படி மெல்ல வையுங்கள், அழுத்தாதீர்கள். எல்ஜிஏ1700, ஏஎம்5 பீடங்களில் மயிரிழை போன்ற ஊசிகள் பலகையிலேயே உள்ளன. ஒன்று வளைந்தாலும் உத்தரவாதம் போகும். நெம்புகோலை அமர்த்தும்போது சற்றே இறுக்கமாக இருப்பது இயல்பு. பீடத்தை மூடியிருந்த பிளாஸ்டிக் மூடியை எறியாமல் பெட்டியில் வையுங்கள். பலகையைத் திருப்பி அனுப்ப நேரின் அதனைக் கேட்பர். நான்கு இடங்களில் இரண்டு நினைவகத் துண்டுகளைச் செருகுவதாயின், பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருகுவதே பெரும்பாலான பலகைகளின் முறை. பட்டாணி அளவு வெப்பப் பசை இட்டுக் குளிர்விப்பானைப் பொருத்துங்கள். அதன் அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய தாளை உரிக்க மறத்தல் கூடாது.

கேபினெட்டில் பலகைக்கு அடியில் நிற்கும் பித்தளைத் தாங்கிகள், பலகையின் துளைகளுக்கு நேரே மட்டும் இருக்கவேண்டும். வேண்டாத இடத்தில் ஒன்று நின்றால் பலகையின் முதுகில் பட்டு மின்குறுக்கு ஏற்படும். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் 24 முனை இணைப்பு ஒன்று, பிராசசருக்குரிய 8 முனை இணைப்பு ஒன்று. இரண்டாவதை மறந்தவர்களே, 'பலகை கெட்டுவிட்டது' என்று கடைக்கு ஓடுபவர்களில் பலர்.

முதன்முறை விசையை அழுத்தியதும் திரை இருண்டிருப்பின் அஞ்சவேண்டா. டிடிஆர்5 பலகைகள் நினைவகத்தைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுப்பதுண்டு. அதன்பின்னும் படம் வராவிடில், பல பலகைகளில் உள்ள சிறு விளக்குகள் குறை பிராசசரிலா, நினைவகத்திலா, கிராபிக்ஸிலா என்று காட்டும். கிராபிக்ஸ் கார்டு இருக்குமாயின் திரையின் கம்பியை அதில்தான் செருகவேண்டும்; பலகையின் வாயில் அன்று.

பின்னர்ப் பயாஸ் என்னும் அடிப்படை அமைப்பினுள் செல்க. பிராசசரும் நினைவகமும் முழுமையாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்காவிடில், விலை கொடுத்து வாங்கிய நினைவகம் குறைந்த வேகத்திலேயே ஓடும். விண்டோஸ் 11-க்கு வேண்டிய டிபிஎம், இன்டெல் பலகையில் பிடிடி என்றும் ஏஎம்டி பலகையில் எஃப்டிபிஎம் என்றும் இருக்கும். பயாஸைப் புதுப்பித்தலும் நன்று. 2024-இல் இன்டெலின் பதின்மூன்று, பதினான்காம் தலைமுறைப் பிராசசர்களுட் சில, மிகை மின்னழுத்தத்தால் பழுதுற்றபோது, அதற்குரிய திருத்தம் பயாஸ் வழியாகவே வந்தது. ஆனால் புதுப்பிக்கும்போது மின்சாரம் நின்றுபோனால் பலகையே செயலிழக்கக்கூடும்; யுபிஎஸ் இல்லாமல் அதில் இறங்காதீர்கள்.

நம்மில் பலர் மாற்றலுக்கு ஆட்பட்டவர்கள். லாரியில் சாமான் ஏற்றும்போது, கனமான கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனியே பொதிந்து எடுத்துச் செல்லுங்கள். குலுங்கலில் அது செருகியிருக்கும் இடமே உடைவதுண்டு. சில ஆண்டுகள் கழித்துக் கடிகாரம் பின்தங்கினால், சிஆர்2032 என்ற 3 வோல்ட் பொத்தான் பேட்டரியை மாற்றினால் போதும். இதற்காகப் புதுப் பலகை வாங்கவேண்டும் என்று சொல்பவரை நம்பவேண்டா.

அன்பர்களே! இவ்வளவையும் நான் கூறியது ஒவ்வொருவரும் பொறியாளர் ஆகவேண்டும் என்பதற்காக அன்று. கேள்வி கேட்கத் தெரிந்த வீட்டில் பணம் வீணாகாது. அடுத்த முறை கணிப்பொறி வாங்கும்போது, பிள்ளைகளை, சிறப்பாகப் பெண்பிள்ளைகளை, அருகில் அமர்த்தி அவர்கள் கையாலேயே திருகாணியை முடுக்கச் செய்யுங்கள். தம் கையால் பொருத்திய இயந்திரம் பழுதுற்றால் அவர்கள் அஞ்சமாட்டார்கள், திறந்து பார்ப்பார்கள். சந்தையில் விற்கும் எந்தப் பலகையையும் விட அத்துணிவு நெடுநாள் உழைக்கும்.