பழைய மடிக்கணினியில் இருப்பதைப் பத்திரமாக எடுப்போம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"பத்து நிமிஷம்தான், உபயோகமா ஏதாவது பேசுப்பா" என்று செயலாளர் சொன்னார். ஆகவே தத்துவம் எதுவும் பேசப் போவதில்லை. உங்களில் பலர் வீட்டு பீரோவில் தூங்கும் பழைய மடிக்கணினியைப் பற்றித்தான் பேசப் போகிறேன். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்ததையொட்டிப் பலர் புதுக் கணினிக்கு மாறினார்கள். பழையதில் இருந்தது எல்லாம் வந்து சேர்ந்ததா என்று எத்தனை பேர் பார்த்தோம்?

நமக்கு சர்வேயிங் எடுத்த பேராசிரியர் ஒருவர், பணி ஓய்வு பெற்றவர், சென்ற ஆண்டு என்னை வீட்டுக்கு வரச் சொன்னார். 2005-இல் வாங்கிய மடிக்கணினி, விண்டோஸ் எக்ஸ்பி, 40 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஊரைச் சுற்றியுள்ள கிணறுகளின் நீர்மட்டத்தை மாதந்தோறும் அளந்து அதில் பதிந்து வைத்திருந்தார். ஏரி, கிணறு பற்றித் தமிழில் ஒரு புத்தகமும் எழுதி முடித்திருந்தார். வேறு பிரதி கிடையாது. "தம்பி, ஆன் பண்ணா டிக் டிக்குனு சத்தம் வருது. ஏதாவது செய்ய முடியுமா?" என்றார்.

நண்பர்களே, டிக் டிக் சத்தம் கேட்டால் அந்தக் கணினியை மறுபடி மறுபடி ஆன் செய்து பார்க்கவே கூடாது. ஒவ்வொரு முறை சுழலும்போதும் டிஸ்க் இன்னும் கெடலாம். நான் டிஸ்க்கைக் கழற்றி, ஐ.டி.இ.-யிலிருந்து யு.எஸ்.பி.க்கு மாற்றும் அடாப்டர் ஒன்றில் மாட்டினேன். லினக்ஸில் 'டி.டி.ரெஸ்க்யூ' என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. அது நல்ல பகுதிகளை முதலில் நகலெடுத்துவிட்டு, கெட்ட பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வரும். முழு டிஸ்க்கின் நகல் கையில் வந்த பிறகுதான் கோப்புகளைத் தேட ஆரம்பித்தேன். (தனக்கே உயிர் போகும் நிலையில் டிஸ்க் இருந்தால், அதில் முக்கியமான சரக்கு இருந்தால், வீட்டில் முயற்சி செய்யாமல் தரவு மீட்பவரிடம் கொடுப்பதே நல்லது.)

டிஸ்க் நன்றாக இருந்தால் இவ்வளவு பாடு இல்லை. பென்டிரைவே போதும். ஆனால் அதிலும் சிக்கல் உண்டு. எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவைத் தனி அப்டேட் இல்லாத எக்ஸ்பி படிக்காது. ஃபேட்32-இல் செய்தால் படிக்கும், ஆனால் 4 ஜிபி-க்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு அதில் ஏறாது. நெட்வொர்க்கில் இணைக்கலாம் என்றால், எக்ஸ்பி பேசும் பழைய எஸ்.எம்.பி.1 முறையைப் புது விண்டோஸ் பாதுகாப்புக் கருதி மூடி வைத்திருக்கிறது.

அடுத்து, 'மை டாக்குமெண்ட்ஸ்' ஃபோல்டரை மட்டும் எடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். டெஸ்க்டாப்பில் எவ்வளவு கிடக்கும் என்று நமக்கே தெரியும். அவுட்லுக் எக்ஸ்பிரஸ் கடிதங்கள் மறைந்திருக்கும் ஃபோல்டரில் டி.பி.எக்ஸ். கோப்புகளாக இருக்கும். முக்கியமாக, எழுத்துருக்கள் உள்ள 'ஃபாண்ட்ஸ்' ஃபோல்டரையும் எடுத்து வையுங்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், சாரின் புத்தகத்தைப் புதுக் கணினியில் திறந்தபோது தமிழே இல்லை. மேலே கொம்பும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள். சார் முகம் வாடிவிட்டது. அது யூனிகோடுக்கு முந்தைய குறியீட்டில் தட்டச்சு செய்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி டேம், டேப் குறியீடுகள் வந்தன. டிஸ்கி, பாமினி என்று வேறு முறைகளும் புழக்கத்தில் இருந்தன. 2010-இல்தான் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. பழைய எழுத்துருவை நிறுவியதும் சாரின் பக்கங்கள் உயிர் பெற்றன. பிறகு இலவச மாற்றி மென்பொருளால் யூனிகோடாக்கினேன். பழைய முறையில் 'கெ' என்றால் கொம்பு முதலில், 'க' பிறகு, யூனிகோடில் நேர்மாறு. ஆகவே மாற்றிய பின் ஒரு முறை மெய்ப்புப் பார்க்கத்தான் வேண்டும். மூலக் கோப்பையும் அழிக்கக் கூடாது.

எல்லாம் வந்ததா என்று கண்ணால் பார்த்து நம்பக் கூடாது. கோப்புகளின் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். முக்கியமானவற்றுக்குப் புது விண்டோஸிலேயே உள்ள 'சர்ட்யூட்டில்' கட்டளையால் இரு பக்கக் கோப்புக்கும் ஹாஷ் எடுங்கள். இரண்டும் ஒன்றானால் நகல் சரி. பிறகு மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒரு பிரதி வேறு ஊரில். சில மாதம் கழித்துத்தான் பழைய டிஸ்க்கை அழிப்பது பற்றி யோசிக்க வேண்டும்.

சாருக்கு எல்லாம் கிடைத்ததா என்றால், இல்லை. 2009-ஆம் ஆண்டின் நீர்மட்டக் கோப்பு கெட்ட பகுதியில் மாட்டிக்கொண்டது. அந்த ஆண்டின் நோட்டையும் கரையான் தின்றிருந்தது. "முன்னே பின்னே உள்ள வருஷத்தை வச்சு சராசரி போட்டுடலாமா சார்?" என்று கேட்டேன். "கையில இல்லாத ரீடிங்கை எழுதக் கூடாதுப்பா. கட்டம் காலியா இருக்கட்டும்" என்றார். அப்படியே விட்டோம். புத்தகம் இப்போது அச்சகத்தில் இருக்கிறது.

நம் ஆசிரியர்கள் பலரிடம் இப்படி ஒரு பழைய பெட்டி இருக்கும். அவர்களே வந்து கேட்க மாட்டார்கள். சங்கத்தின் சார்பில் நாலைந்து பேர் சேர்ந்து வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதற்கென்று ஒதுக்கலாம். அடாப்டரும் நானும் தயார். பெயர் கொடுக்க விரும்புபவர்கள் சாப்பாட்டு இடைவேளையில் என்னைப் பாருங்கள்.