பொம்மைக்கு என்ன விலை?



இன்ஜினியர் பொம்மை விலை பேசுகிறானே என்று சிரிக்காதீர்கள். விளாச்சேரியில் எங்கள் வீட்டுத் தொழிலே கொலு பொம்மைதான். இங்கே நான் கட்டிய ஃபீஸும் அதில் வந்ததுதான்.

வேலைக்குப் போன பிறகு ஒருநாள் அப்பாவின் கணக்கு நோட்டைப் புரட்டினேன். மண், விறகு, பெயின்ட், மயிலாப்பூருக்கு லாரி வாடகை எல்லாம் இருந்தது. அம்மா உட்கார்ந்து கண் எழுதிய நாட்கள் மட்டும் இல்லை. "வீட்டு ஆளுக்கு என்னடா கூலி?" என்றார். உடைசலும் இல்லை. தசாவதார செட்டில் ஒரு கூர்மம் உடைந்தால் மீதி ஒன்பது செட்டாகப் போகாது. அந்த நஷ்டத்தை விற்கிற செட்டுகள்தானே சுமக்கணும்? (மெஷின் ஹவர் ரேட் சொல்லிக்கொடுத்த சார் முன்வரிசையில் இருக்கிறார். அந்தப் பாடம்தான் சார் கைகொடுத்தது!)

கூட்டிப் பார்த்தால், 600 ரூபாய்க்கு விற்ற செட்டுக்கு அடக்கமே 640.

மறு வருஷம் 850 என்று எழுதி ஒட்டினோம். நாலு நாள் ஈ ஓட்டினோம். அப்பா என்னோடு பேசவில்லை. அமாவாசைக்கு முன்தினம்தான் கூட்டம் வந்தது. 22 செட்டில் 17 போனது. கடைசி நாள் பாதி விலைக்குத் தள்ளினால் அடுத்த வருஷம் எல்லாரும் அந்த நாளுக்கே காத்திருப்பார்கள். ஆகவே மீதி 5-ஐ லாரி வாடகை கொடுத்து ஊருக்கே கொண்டுபோனோம்.

அன்றிரவு நோட்டில் அம்மா பெயரில் அப்பா கூலி எழுதினார். எட்டிப் பார்த்த அம்மா, "இவ்வளவா?" என்றாள்.