செக்கிழுத்த கை

துன்புற்றோரை நோக்கி, "மனத்தைத் தளரவிடாதீர்" என்று கூறுதல் எளிது. அவ்வுரை எப்போது பொருளுடையதாகும் என்பதை வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் வாழ்வில் காண்போம்.

1906-இல் சுதேசிக் கப்பற் கம்பெனியைத் தோற்றுவித்த அப்பெரியார்க்கு 1908-இல் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பெற்றது; மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோயம்புத்தூர்ச் சிறையில், மாடு இழுக்கும் செக்கை அவர் இழுத்தார். அச்செக்கு சென்னை காந்தி மண்டபத்தில் இருக்கின்றது. செல்லும் அன்பர்கள் அதன்முன் சற்று நின்று வருக.

அந்நாளில் அவர் செய்தது யாது? ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில ஆசிரியரின் நூலை, 'மனம்போல வாழ்வு' எனத் தமிழாக்கினார். எண்ணமே வாழ்வை ஆக்கும் என்பது அந்நூற் கருத்து. அதனைத் திண்ணையில் சாய்ந்து படித்தல் வேறு. சிறையிலிருந்து எழுதுதல் வேறு. எழுதியதனால் செக்கின் பாரம் எள்ளளவும் குறைந்திராது. ஆனால் உடல் சுற்றிய வட்டத்துள் உள்ளம் அடைபடவில்லை.

1912-இல் அவர் விடுதலையுற்றபோது கம்பெனி கலைக்கப்பட்டிருந்தது; வழக்கறிஞர் உரிமையும் பறிபோயிருந்தது. பின்னர் நெடுநாள் வறுமை. அவரை அந்நிலையில் விட்டது நம்மவர் நன்றியின்மை என்றே கூறத் துணிகின்றோம். அவரோ தொல்காப்பியத்திற்கு இளம்பூரணர் வகுத்த உரையைப் பதிப்பிக்க முனைந்தார். மறைவதற்கு முந்தைய ஆண்டாகிய 1935-இல் அவர் எழுதிய உரையொன்று வெளிவந்தது. நாம் போற்றும் சிவஞானபோதத்திற்குச் செக்கிழுத்த அக்கை வரைந்த உரை அது.