ஜீப்பில் மலையேறும் தாய்மார்
(ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரை)



ராகேல் எப்பிராத்தாவுக்குப் போகும் வழியில் பிரசவ வேதனைப்பட்டு மரித்ததை நாம் எல்லாரும் வேதத்தில் வாசித்திருக்கிறோம். அந்த வழியை நினைக்கும்போது எங்களுக்குப் போடிமெட்டுச் சாலைதான் நினைவுக்கு வருகிறது. கம்பம், கூடலூர், போடி ஊர்களிலிருந்து விடியுமுன்னே ஜீப்புகள் புறப்பட்டு, குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு நம் பெண்களை ஏற்றிச் செல்கின்றன. நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்களில் கர்ப்பிணிகளும் உண்டு. பொழுது சாய்ந்துதான் வீடு திரும்புவார்கள். பரிசோதனையோ பகலில் நடக்கிறது. போனால் ஒரு நாள் கூலி போச்சு!

தமிழ்நாடு நன்றாக முன்னேறியிருப்பது உண்மை. 2018-20 கணக்கின்படி, ஒரு லட்சம் பிரசவங்களுக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் 1987-இல் தொடங்கிய மகப்பேறு உதவியும் இன்று 18,000 ரூபாய் வரை கிடைக்கிறது. ஆனாலும் அந்த 54 பேர் யார் என்று கேட்க வேண்டாமா?

ஒன்றை மறைக்காமல் சொல்லுகிறோம். சில வருஷங்களுக்கு முன் ஏழு மாதக் கர்ப்பிணியான ஒரு சகோதரி, தோட்டத்திலிருந்து நேரே எங்களிடம் வந்தாள். "தலை விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது, கண்ணு மங்குது சிஸ்டர்" என்றாள். ஓ.பி. நேரம் முடிந்திருந்தது. வேலைக் களைப்பு, காலையில் வா என்று அனுப்பிவிட்டோம். காலையில் அவள் ஜீப்பில் ஏறிவிட்டாள். மூன்றாம் நாள் வலிப்போடு தூக்கிவந்தார்கள். தேவ கிருபையால் தாய் பிழைத்தாள். பிள்ளையைக் காப்பாற்ற முடியவில்லை.

இது ஏழை நாட்டுக் கதை மட்டுமல்ல. அமெரிக்காவில் 2021-இல் லட்சத்துக்கு ஏறக்குறைய 70 கறுப்பினத் தாய்மார் இறந்தார்கள். வெள்ளையரில் 27 பேர். அங்கே ஆஸ்பத்திரிக்கா பஞ்சம்? வலிக்கிறது என்று சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை என்று அந்தக் குடும்பத்தார் பலர் சாட்சி சொல்லுகிறார்கள். அதை வாசித்தபோது எங்களுக்கு எங்கள் ஓ.பி. வாசல்தான் கண்ணில் பட்டது.

அதன்பின் கர்ப்பிணிகளுக்கு மாலை ஓ.பி. தொடங்கினோம். ஜீப் வந்து நிற்கும் இடத்திலேயே ஒரு நர்ஸ் பி.பி. கருவியோடு நிற்கிறாள். 140/90-க்கு மேல் போனாலோ, தலைவலி, கண்மங்கல், முகவீக்கம் என்று சொன்னாலோ, அன்றிரவே சேர்த்துக்கொள்ளுகிறோம். வலிப்பைத் தடுக்கும் மக்னீசியம் சல்பேட் ஊசி மலிவானதே. இரவு நர்ஸின் சம்பளமும் வண்டியின் டீசலும்தான் எங்கள் பாரம். கூடலூர்ப் பக்கம் இன்னும் ஒருவரை நிறுத்த விரும்புகிறோம். உங்கள் அறுப்பின் பண்டிகைக் காணிக்கையில் இதற்கென்று ஒரு பங்கு எடுத்துவைப்பீர்களா?